கோயில் வாசலில் மில் வேன்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் போனோம். எல்லோரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். மில்லில் எங்களுக்கு வார லீவு புதன்கிழமை. ஞாயிறு காலையில் ஊரில் பூசை நடக்கும்போது நாங்கள் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு மெஷினுக்கு மெஷின் நடந்துகொண்டிருப்போம்.

எனக்கு அடுத்த மெஷினில் நிற்கும் அக்காவின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினாள். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது, "சாமியார் ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் கேப்பாரு" என்றார்.

பங்குச் சாமியாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுத்தரச் சொன்னோம். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "நானே வந்து பேசுறேம்மா" என்றார்.

சொன்னபடி வந்தார். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டதையும், டீ வரவழைத்ததையும் நாங்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

அடுத்த ஞாயிறும் நாங்கள் மில்லில்தான் இருந்தோம். பூசைக்குப் போய்வந்த அம்மா சொன்னார்: "மில்லுக்கு ஆளு வேணுமாம். வேன் கோயில் வாசலுக்கே வருமாம். சாமியாரு பூசையில சொன்னாரு."

புதன்கிழமை நானும் அக்காவும் சாமியாரைப் பார்க்கப் போனோம்.

"கேட்டேம்மா. ஞாயித்துக்கெழம மெஷினை நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. ஆனா நம்ம பிள்ளைங்க ஒழுங்கா இருக்காங்களாம், இன்னும் ஆளு அனுப்புங்கன்னு கேட்டாங்க. இங்க எத்தனை பேரு வேலையில்லாம இருக்காங்க, சொல்லுங்க."

அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது.

எங்களுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் தனியாகப் பூசை வைத்தார். துணி துவைத்து, ரேஷன் வாங்கி, அலுத்துப்போய் வந்து உட்காருவோம். பிரசங்கத்தின்போது அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். சாமியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். பிறகு மில்லில், ஞாயிறு தவிர ஆளுக்கொரு நாள் லீவு என்று மாற்றினார்கள். பூசைக்கு இரண்டு பேர், ஒருவர் என்று குறைந்து, அதுவும் நின்றுபோனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன்பே வேன் வந்துவிடுகிறது. சாமியார் கோயில் படியில் நின்று கையுயர்த்தி ஆசீர்வதிக்கிறார். ஜன்னலோரம் இருக்கும் புதுப்பிள்ளைகள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கை எழும்புவதில்லை.

போன வாரம் வேனில் அக்காவிடம், "பேசாம வேலைய விட்டு நின்னுடலாம்னு இருக்குக்கா" என்றேன்.

"நின்னுட்டு எங்கிட்டுப் போவ?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.