பரஸ்தானம் வைத்த பை

என் மகள் பற்றவைப்புத் தர ஆய்வாளர். இரும்புத் தகடுகளை நெருப்பால் இணைத்த இடத்தில் துளையோ வெடிப்போ உண்டா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். சென்னையில் சில ஆண்டுகள் அப்பணியைச் செய்தாள். குழந்தை பிறந்ததும் விட்டாள். ஏழு ஆண்டுகளுக்குப் பின், அவள் குடும்பம் திருவரங்கத்தில் எங்களோடு குடியேறியபோது, விட்ட தொழிலை மீண்டும் பற்றிக்கொள்ள விரும்பினாள்.

அத்துறையில் ஆள் தேவை என்னும் செய்தி நாளிதழில் வருவது அரிது. பழைய உடன்பணியாளர்களின் வாட்ஸப் குழுவில் ஒற்றை வரியாக வந்து விழும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்கூடங்கள் பலவற்றுக்கும் சென்று வந்தாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "நடுவுல ஏழு வருஷம் என்ன பண்ணீங்க?"

இதற்கிடையே ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் இடம் அமைந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதே வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் துவாக்குடியில் ஒரு நேர்காணல் வந்து சேர்ந்தது. "இது கெடச்சா என் வேலை. கெடைக்கலேன்னா ஸ்கூல் வேலை. அதுக்கப்புறம் வெல்டிங் பக்கம் திரும்பிப் பார்க்கப் போறதில்லப்பா" என்றாள்.

என் மனைவியின் கவலை வேறு. "வெள்ளிக்கிழமை பதினொரு மணியா? நன்னா ராகு காலம் பார்த்துக் கூப்பிட்டிருக்கானே!"

"அம்மா, அவாளுக்கு அது டீ டைம். அவ்வளவுதான்."

"இருக்கட்டும். இன்னிக்கே பரஸ்தானம் வச்சுடலாம்."

நல்ல நேரத்தில் பயணப் பையை அயல்வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கொள்வது எங்கள் குடும்பங்களின் வழக்கம். பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. வியாழன் மாலை, எதிர்வீட்டு அம்மையாரிடம் மகளின் பை ஒப்படைக்கப்பட்டது. மூலச் சான்றிதழ்கள், நகல்கள், பற்றவைப்பின் உயரத்தை அளக்கும் சிறு கருவி, கைவிளக்கு ஆகிய யாவும் அதற்குள் இருந்தன. நானும் தடை சொல்லவில்லை.

மறுநாள் காலை பையை வாங்கச் சென்றால், எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அழைத்துப் பார்த்தோம். கைப்பேசி உள்ளேயே மணியடித்தது. தெருவில் பூ விற்றுக்கொண்டு வந்த பெண்மணி எங்களைப் பார்த்து நின்றார். "மாமி விடிகாலையே அவங்க அக்காவோட சமயபுரம் போயிட்டாங்களே. சாயங்காலந்தான் வருவாங்க."

என் மனைவி வாசலிலேயே அமர்ந்துவிட்டாள். "பூட்டை உடைச்சுடலாமோ?"

"வேண்டாம்மா. பை நேத்திக்கே கிளம்பியாச்சு. நான் பின்னாடியே போறேன்" என்று சொல்லி மகள் செருப்பை மாட்டினாள். அவள் சிரிக்கவில்லை. பேருந்தில், துணைக்குச் சென்ற என் அருகே அமர்ந்திருந்தாள். விரல்கள் இல்லாத பையின் வாரைத் தேடிக்கொண்டிருந்தன.

தொழிற்கூட வாயிற்காவலர் கையை விரித்தார். "ஒரிஜினல் இல்லாம உள்ள விட முடியாதுங்க. ஆர்டர்."

மகள் கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார். "சரிங்க, ஓனர் வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன்" என்று அவள் வாயிலை ஒட்டி வெயிலில் நின்றாள். நிழலுக்கு வா என்றேன், வரவில்லை. நெடுநேரம் கழித்து உரிமையாளர் இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

"சர்டிபிகேட் எங்கம்மா?"

"எதிர் வீட்டுல பூட்டிக் கெடக்கு சார். திங்கக்கிழமை கொண்டு வந்து காட்டறேன். இன்னைக்கு என் வேலையப் பாருங்க."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வருஷம் வீட்டுல இருந்துட்டு, இப்ப சர்டிபிகேட்டும் இல்லாம வந்து நிக்கிறீங்க."

"வீட்டுல இருந்தாலும் கண்ணத் தொறந்துட்டுதான் சார் இருந்தேன்."

காவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உரிமையாளரும் முறுவலை அடக்கிக்கொண்டு அவளை உள்ளே அழைத்தார். வாயிலுக்கு நேர் எதிரே, சுவரில்லாத கொட்டகை. மேசைமேல் இணைத்த தகடுகள் வரிசையாகக் கிடந்தன. குறையுள்ள இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும், அதுதான் தேர்வு. காவலரின் நாற்காலியில் அமர்ந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைவிளக்கும் அளவுக்கருவியும் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு தகடாகச் சாய்த்துப் பார்த்து வட்டமிட்டு வந்தவள், கடைசித் தகட்டில் நின்றாள். நெடுநேரம் நின்றாள். தொழிலை மறந்துவிட்டாள் என்றே அஞ்சினேன். அவளோ சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தாள்.

"சார், இதுல கசடு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. அதத் தட்டி எடுத்தாத்தான் அடியில என்னன்னு தெரியும். ஒரு சுத்தியல் குடுங்க."

"காலையில வந்தவங்க எல்லாம் அப்படியே பார்த்துச் சொல்லிட்டாங்களே?"

"என்னால முடியாது சார். கண்ணுக்குத் தெரியாதத நல்லா இருக்குன்னு நான் சொல்லமாட்டேன்."

அவர் சுத்தியலைத் தாமே எடுத்துவந்து நீட்டினார். அவள் கசட்டைத் தட்டி உதிர்த்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஓரத்தில் இரண்டு வட்டமிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். அடுத்து அவர் கேட்டது ஏழு ஆண்டுகளைப் பற்றியன்று. துவாக்குடிக்கு எந்தப் பேருந்தில் வருவாள் என்பதைப் பற்றி.

"திங்கக்கிழமை எட்டு மணி ஷிப்டு. ஒரிஜினலோட வாங்க. இல்லேன்னா கேட்டோட திரும்பிருங்க" என்றார்.

திரும்பும் வழியில், பேருந்துக்குள்ளிருந்தே பள்ளிக்கு அழைத்து அந்த இடம் வேண்டாமென்று தெரிவித்தாள். மாலை எதிர்வீட்டு அம்மையார் ஓடிவந்தார். "பத்திரமா பீரோக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தேனே!" என்று பெருமையோடு பையைக் கொடுத்தார். மகள் அதை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை என் மனைவி நாட்காட்டியைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். வேலையில் மகள் சேரும் நேரம் சரியாக அதற்குள் விழுகிறது. அவள் வாய் திறப்பதற்குள் மகள் குறுக்கிட்டாள்: "பை என்கிட்டயே இருக்கட்டும்மா."

அன்றிரவு அதைத் தலைமாட்டில் வைத்தே உறங்கினாள். திங்கள் காலை பையைத் தோளில் மாட்டி அவள் படியிறங்கியபோது, என் மனைவி கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"தண்ணி பாட்டில் எடுத்துண்டியோ?" என்று மட்டும் கேட்டாள்.