துளை எண்ணும் வெர்னெல் ஹாட்ச்

மாநாட்டில் பெயர் அட்டையோடு தரும் கழுத்து நாடாவை வெர்னெல் ஹாட்ச் ஒவ்வொரு மே மாதமும் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஊக்கு இருந்தா குடுங்க. இது திரும்பிக்கிட்டா பேரு தெரியாது. பேரு தெரியலைன்னா என்கிட்ட காபி கேப்பாங்க." பதிவு மேசைப் பெண் சிரிப்பாள். வெர்னெல் சிரிப்பதில்லை. பெயர் அட்டையைக் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே குத்திக்கொள்வார். நீலக் கோட்டில் அந்த இடம் இருபத்திரண்டு மாநாடுகளில் சல்லடையாகிவிட்டது.

ஐரோப்பாவின் ஆரம்ப இடைக்கால வரலாற்றை ஆராய்பவர்கள் மிச்சிகனில் கூடும் மாநாடு அது. ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். வெர்னெல் கறுப்பினப் பெண், ஒஹாயோவில் ஒரு சிறு கல்லூரிப் பேராசிரியர், வயது ஐம்பத்தெட்டு.

எட்டாம் நூற்றாண்டுத் துறவிகள் தோல் ஏட்டில் எழுதுவதற்கு முன் அதன் ஓரத்தில் வரிசையாகத் துளை குத்துவார்கள். துளைக்குத் துளை கோடு இழுத்து, அதன்மேல் எழுதுவார்கள். எழுத்தைப் படிக்கப் பலர் உண்டு. வெர்னெல் துளைகளின் இடைவெளியை அளந்து, எந்த மடத்தின் கை என்று சொல்பவர். ஏட்டைத் தொடக் கையுறை அணியமாட்டார், கழுவிய கை காயும்வரை விரல்களை விரித்துக்கொண்டு நிற்பார். "எழுத்து பந்தா பண்ணும். துளைக்கு அது தெரியாது" என்பார்.

இந்த முறை சாப்பாட்டு வரிசையில் ஒருவர் கேட்டார்: "நீங்க எப்படி இந்தத் துறைக்கு வந்தீங்க?"

"பஸ்ல. நீங்க?"

"இல்ல... எங்க முன்னோர் அந்தப் பக்கம். அதான் எனக்கு..."

"துறவிக்கு ஏதுங்க பேரன்?" என்று ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

இதுவரை வெர்னெலின் கட்டுரை எதைப் பற்றியதானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, இனம் பற்றிய அமர்வில்தான் போடுவார்கள். அதற்குள் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். இவ்வாண்டுதான் முதன்முறையாக வெள்ளிக்கிழமை, ஏடுகள் பற்றிய அமர்வு.

"இப்பவாவது சந்தோஷமா இருடி" என்றாள், லத்தீன் கற்பிக்கும் தோழி இடாலியா.

"துளையைப் பத்தி ஒரே ஒரு கேள்வி வரட்டும். வரலைன்னா அடுத்த வருஷ மாநாட்டு விண்ணப்பம் குப்பைக்குத்தான். போதும்டி."

இருபது நிமிடம் பேசினார். இரண்டு நாடுகளில் தனித்தனியே கிடக்கும் இரண்டு ஏடுகளை ஒரே கை குத்தியிருக்கிறது என்று அளவுகளோடு காட்டினார். கைதட்டினார்கள்.

முதலில் எழுந்தவர் ஒரு மூத்த பேராசிரியர். "அருமை. ஒரு கறுப்பினப் பெண்ணா இந்த ஏட்டையெல்லாம் தொடறப்ப உங்களுக்கு என்ன தோணும்?"

"கை காஞ்சிருக்கான்னு தோணும்."

சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர் கேட்டார்: "உங்கள மாதிரி ஆளுங்கள எங்க துறைக்கு எப்படிக் கொண்டு வரலாம்?"

இருவருமே நல்லெண்ணம் உள்ளவர்கள். அதனால் கோபப்படவும் வழியில்லை. வெர்னெல் ஏதோ பதில் சொன்னார். நேரம் முடிந்தது. வேறு கேள்வி வரவில்லை.

அறை காலியானது. "வாடி. குப்பைத்தொட்டி வாசல்லயே இருக்கு" என்றாள் இடாலியா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

வெர்னெல் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். வெற்றுப் பக்கம் மேலே வரும்படி மேசையில் பரப்பினார். கோட்டிலிருந்து ஊக்கைக் கழற்ற, பெயர் அட்டை தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. தாளின் ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினார்.