வானம்பாடிக்குக் காவல்

ஜெர்மனியில், ஹனோவருக்கு வடக்கே, வறண்ட புதர்வெளி. யாழ்ப்பாணத்துச் செல்வம் அண்ணை இங்கே செம்மறி மேய்க்கிறார். செம்மறிகள் மரக்கன்றுகளைக் கடித்து நிலத்தைத் திறந்தவெளியாக வைத்திருப்பதால்தான் வானம்பாடி இங்கே தரையில் முட்டையிடுகிறது. இன்று அதன் கூடு ஒன்று மந்தையின் வழியிலேயே இருக்கிறது. உள்ளே மூன்று முட்டைகள்.

“தம்பி, கூட்டுக்கு மேல காலை அகட்டி நில்லுங்கோ. ஆடுகள் விலத்திப் போகும்,” என்கிறார் அண்ணை என்னிடம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இருபுறமும் கம்பளி முழங்காலை உரசிக்கொண்டு போகிறது. ஒரு கிடா மட்டும் நின்று என் சட்டைப்பையை மோந்து பார்த்துவிட்டு நகர்கிறது. கடைசிக் குட்டியும் தாண்டிவிட்டது.

“காப்பாத்திட்டேன், அண்ணா!” என்கிறேன் பெருமையாக.

“ஓம், ஓம்,” என்று அண்ணை என் காலணியைக் காட்டிச் சிரிக்கிறார். “ஆடுகளால இனிப் பயமில்லை. உங்கட சப்பாத்தைத்தான் பாத்துத் தூக்குங்கோ.”