என்னைத் தூங்க வைத்துப் பார்த்த மத்தியானம்

என்னைத் தூங்க வைத்துப் பார்க்க வந்தவர்கள் இவர்கள்.

கொடி பிடிக்கிற அக்கா. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற எங்கள் அஞ்சு பேர் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நில் என்றால் நிற்போம். நட என்றால் நடப்போம்.

என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கச்சி. என் குறட்டையை ஊருக்கே சொன்னவள்.

அங்கன்வாடி ஆயா. அவளும் எங்களோடு நடப்பவள். மத்தியானம் பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைப்பது அவள் வேலை. அதனால் அவளைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு மருமகள். கல்யாணமாகி வந்த கையோடு போன வருசம் எங்களோடு நடந்தவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

கொடி அக்காவின் தம்பி. குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். நாங்கள் நடக்க, அரிசியும் பாத்திரமும் அவன் வண்டியில் வரும். தீர்ப்பு சொல்ல அவனை வைத்திருந்தார்கள்.

அப்புறம் நான். பாயில் படுத்திருந்தேன்.

இடம் அகரத்தில் கொடி அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம். நான் தூங்க வேண்டும். குறட்டை வரக்கூடாது. வந்தால் இந்த வருசம் நடை கிடையாது. அம்புட்டுதான்.

இப்படி ஆனதற்குக் காரணம் போன வருச நடை. வெயில் ஏறினால் நடக்க மாட்டோம். ஏதாவது கல்யாண மண்டபத்தில் படுப்போம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்போம். அந்த மத்தியானத் தூக்கம் இல்லை என்றால் கால் நகராது. என்னால் ஒருத்திக்கும் அந்தத் தூக்கம் இல்லை. மண்டபம் என்றால் எதிரொலி வேறு. திருச்சி தாண்டி ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன் ஓடி வந்து, "கரண்டு இருக்கும்போது ஜெனரேட்டரை யாரு போட்டது?" என்று கேட்டார். மருமகள் என்னைக் கை காட்டினாள். அன்று சாயங்காலம் வரை அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. விக்கலோடு நடந்தாள்.

ஊர் திரும்பியதும் கொடி அக்கா சொன்னாள்.

"தப்பா நினைக்காதத்தா. அடுத்த வருசம் நீ பஸ்ல வந்துரு. நாங்க அங்க வந்து சேந்துக்கிறோம்."

"சரிக்கா" என்றேன்.

சரி இல்லை. வீட்டுக்காரர் போனதிலிருந்து வீட்டில் நான் மட்டும்தான். ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன். ஒரு தட்டுக் கழுவுகிறேன். நடை போகிற நாள்களில்தான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. வெஞ்சனம் போதுமா என்று ஒருத்தி கேட்பாள். பஸ்ஸில் போனால் மாதாவைப் பார்க்கலாம். அந்தப் பந்தி கிடைக்காது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது நாத்தனார்தான்.

"சத்தம் கூடப் பரவாயில்ல மதினி. நடுவுல நடுவுல மூச்சே நிக்குது. சத்தம் வந்தா எரிச்சலா இருக்கு, நின்னா பயமா இருக்கு. நான் என்னதான் செய்றது?"

திண்டுக்கல்லில் டாக்டர் பார்த்தார். உடம்பில் ஒயரை மாட்டித் தூங்கச் சொன்னார்கள். மறுநாள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். தூங்கும்போது நாக்கு பின்னால் சரிகிறது. தொண்டை தளர்ந்து வழியை அடைக்கிறது. மோசம் இல்லை, ஆனால் விடக்கூடாது. எடையைக் குறை. மல்லாந்து படுக்காதே. பயிற்சி செய். கொஞ்ச மாசம் பார்த்துவிட்டு மறுபடி ஒயர் மாட்டிப் பார்ப்போம். குறையவில்லை என்றால் மூக்கில் மாட்டுகிற மிசின்தான்.

பயிற்சி சொல்லித் தர அடுத்த ரூமில் ஒரு பொண்ணு. கையில் கண்ணாடியைக் கொடுத்து வாயைத் திறக்கச் சொன்னது. என் உள்நாக்கை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். உரித்த சின்ன வெங்காயம் மாதிரி தொங்கியது.

நாக்கு நுனியை மேல்வாயில் வைத்து அப்படியே பின்னால் இழுக்க வேண்டும். பிறகு முழு நாக்கையும் மேலே ஒட்டிப் பிடிக்க வேண்டும். நாக்கை வெளியே நீட்டி விடாமல் நிறுத்த வேண்டும். "ஆ" சொல்லி உள்நாக்கைத் தூக்க வேண்டும். மூக்கால் மூச்சு இழுத்து பலூன் ஊத வேண்டும். கடைசியாக ஒன்று. மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. அங்கே சின்னதாக ஏதாவது வைத்து, நாக்கால் அமுக்கிப் பிடித்து, வாயை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும்.

"சின்னதான்னா என்னம்மா?"

"பொட்டுக்கடலை வச்சுக்கோங்க. முழுங்கிறாதீங்க."

நான் வெங்காயக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். காய்ந்த தாளையும் வேரையும் அரிந்து போடுகிற வேலை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் அங்கேயே செய்தேன். வட்டமாக உட்கார்ந்திருப்போம். எதிரே நாத்தனார். பக்கத்தில் கொடி அக்கா. தள்ளி மருமகள்.

முதல் நாள் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாள் அவளும் நாக்கை ஒட்டிப் பார்த்தாள். "அத்தை, எனக்கு நிக்கவே மாட்டேங்குது" என்றாள். மூன்றாம் நாள் கொட்டகையே செய்தது. பொட்டுக்கடலை பயிற்சி வந்தால் ஒருத்தியாலும் பேச முடியாது. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. வெங்காயம் அரிகிற சத்தம் மட்டும். நாத்தனார் பேசாமல் இருப்பதைப் பார்த்ததும் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொட்டுக்கடலை பறந்து போய் நாத்தனார் நெத்தியில் பட்டது. நாத்தனார் திட்ட வாயைத் திறந்தாள். அவள் கடலையும் விழுந்தது.

"நான் ஜெயிச்சுட்டேன்" என்றாள் கொடி அக்கா. அவள் கடலையும் விழுந்தது.

ஒரு நாள் நாக்கு நீட்டுகிற பயிற்சி நடந்தது. கொடி அக்கா விரல் விட்டு எண்ணுவாள். அவள் எண்ணி முடிக்கும்வரை நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது. அந்த நேரம் பார்த்து வியாபாரி உள்ளே வந்தார். கொட்டகைக்கும் வெங்காயத்துக்கும் அவர்தான் முதலாளி. வட்டமாக உட்கார்ந்த பொம்பளைகள் அத்தனை பேரும் அவரைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தோம்.

மனுசன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்தா, கூலி பத்தலையா? வாயால சொல்லுங்க. இதென்ன பழக்கம்?"

வாயால் எப்படிச் சொல்வது? நாக்கு வெளியே இருக்கிறது. கொடி அக்கா விடாமல் எண்ணினாள். ஒரு விரல். இரண்டு விரல்.

வெங்காய வியாபாரத்தில் ஒரு விரல் என்றால் பத்து ரூபாய். அவர்கள் பேரம் அப்படித்தான்.

"இருபதா?" என்றார் வியாபாரி.

மூன்றாவது விரல் எழுந்தது.

"ஆத்தாடி, முப்பதா! ஒரேயடியா முப்பதா?"

நாலாவது விரல்.

"சரி, சரி! நாப்பது ஏத்தித் தாரேன். அடுத்த வெரலத் தெறக்காத தாயே, கையெடுத்துக் கும்புடுறேன்."

சொன்னவர் வந்த வழியே போய்விட்டார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டோம். ஒருத்தியும் அவர் பின்னால் ஓடிப் போய் விவரம் சொல்லவில்லை. சனிக்கிழமை கூலி ஏறித்தான் வந்தது.

"இந்தக் குறட்டைய மாதாவே தந்திருக்கா" என்றாள் மருமகள்.

மறுபடி ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். நல்லா குறைஞ்சிருக்கு, விடாமல் செய்யுங்க என்றார் டாக்டர். எடையும் இறங்கியிருந்தது. காகிதத்தைக் கொண்டுவந்து கொடி அக்காவிடம் காட்டினேன். அவள் நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் வாங்கக்கூட இல்லை.

"மிசினுக்கென்ன? அது எங்க கூட மண்டபத்துலயா படுத்துச்சு? நாங்க எங்க காதால கேட்டாத்தான் ஒத்துக்குவோம்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒருக்களித்துப் படுத்தேன். நாக்கை மேலே ஒட்டினேன். கண்ணை மூடினேன். சுற்றி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வந்தபோதுகூட என்னை இப்படி ஒருத்தரும் பார்க்கவில்லை.

"தூங்கிட்டியா?" என்றாள் கொடி அக்கா.

"இல்லக்கா."

"சீக்கிரம் தூங்கு."

"தூங்குறேன்."

"கண்ணு உருளுது. மதினி நடிக்கிறாங்க" என்றாள் நாத்தனார்.

மருமகள் வாயில் முந்தானையை அடைத்தாள். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"எல்லாரும் தள்ளிக்கங்க. இது என் வேல" என்றாள் ஆயா. பக்கத்தில் படுத்து முதுகில் தட்ட ஆரம்பித்தாள். "தூங்கு சாமி. நல்ல பிள்ளைல. எந்திரிச்சதும் முட்ட தாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கு நழுவியது.

"வாயத் தெறந்துட்டாங்க, வாயத் தெறந்துட்டாங்க!" நாத்தனார் எழுந்தே விட்டாள்.

"முழிச்சிருக்கும்போது தெறந்தா கணக்கில்ல" என்றான் தம்பி. அவன் வாசப்படியில் உட்கார்ந்திருந்தான். நியாயமாகச் சொன்னான்.

கடைசியில் வழி சொன்னவளும் நாத்தனார்தான். "செவமாலை சொல்லுங்கக்கா. கோயில்ல செவமாலை ஆரம்பிச்சா மதினி தூக்கத்துல சாமியாடுற மாதிரி ஆடும்."

கொடி அக்கா மாலை மணியை உருட்டி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஃபேன் ஓடியது. ஆயாவின் கை முதுகில் தட்டியது. பிறகு மெதுவாகத் தட்டியது. பிறகு எனக்குத் தெரியாது.

முழித்தபோது முதுகில் ஆயாவின் கை கிடந்தது. கல் மாதிரி கனத்தது. தட்டவில்லை. வாசப்படியில் தம்பி நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறான். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். காதைக் காட்டினான்.

கேட்டேன்.

கொடி அக்கா செவமாலையைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தாள். சிறுமலை ரோட்டில் லோடு லாரி ஏறுகிற சத்தம் வந்தது. நாத்தனார் விட்டு விட்டு விசில் அடித்தாள், குக்கர் மாதிரி. ஆயா சட்டியைச் சுரண்டினாள். மருமகள் ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். அவளுடையது சின்னச் சத்தம்தான். ஆனால் இருந்தது.

தம்பிக்கு அடக்க முடியவில்லை. கையைத் தட்டினான். எல்லாரும் திடுக்கென்று எழுந்து என்னைப் பார்த்தார்கள்.

"விட்டாங்கள்ல? நான் சொன்னேன்ல?" என்றாள் நாத்தனார். அவள் கன்னத்தில் பாய்க்கோடு.

"இந்த அக்காதான் முதல்ல தூங்குனாங்க" என்று என்னைக் காட்டினான் தம்பி. "வாய் மூடுனது மூடுனபடி. சத்தமே இல்ல. பயந்துபோய் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்தேன். மூச்சு ஜம்முனு வருது."

"அப்ப நான் கேட்டது யாரு?"

"நீங்க கேட்டது நீங்க."

"நானா?" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "எங்க பரம்பரையிலயே ஒருத்தருக்கும் கொறட்ட கிடையாது."

என் வீட்டுக்காரர் அவள் பரம்பரைதான். அவர் விட்ட குறட்டை எனக்குத்தான் தெரியும்.

"அடப்பாவி, நானுமா?" என்றாள் கொடி அக்கா.

"நீதான்க்கா பெரிய வண்டி."

ஆயா, பிள்ளைகள் ஏன் மத்தியானம் சீக்கிரம் எழுந்துவிடுகின்றன என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். மருமகளுக்கு மட்டும் முகம் மாறியது.

"அண்ணே, அப்ப எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம இருக்குமா? நல்ல மனுசன், சொல்லல."

பிறகு கொடி அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"போன வருசமும் நாங்க விட்டிருப்பமோ?"

"விட்டிருப்பீங்க. இவங்க சத்தத்துல உங்க சத்தம் எங்க கேக்குறது?"

முதலில் சிரித்தது நாத்தனார்தான். அவள் சிரித்துப் பாயில் விழுந்தாள். மருமகள் அவள் மேல் விழுந்தாள். கொடி அக்கா செவமாலையால் தம்பியை அடிக்க ஓங்கி, அதை முத்தம் செய்து வைத்துவிட்டுக் கையால் அடித்தாள். நானும் சிரித்தேன். வயிறு வலித்தது. எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடி அக்கா போனை எடுத்தாள். திண்டுக்கல்லில் தெரிந்த ஜவுளிக்கடை. நடைக்கு ஒரே மாதிரி காவிச் சேலை கட்டுவோம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, வேளாங்கண்ணிக்குச் சேலை வேணும். ஒரே கலரு, சாயம் போகக்கூடாது."

"எடுத்து வைக்கிறேங்கக்கா. எத்தன?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு."