மாமா காட்டிய கப்பல்

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, நாடக மேடைக்குக் கடலைக் கொண்டுவரத் தெரிந்த ஆள். பாடாங் செராய் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் திருவிழா நாடகம் என்றால் நடிகர்களைவிட அவருக்குத்தான் மவுசு. ஒரு தகரப் பெட்டிக்குள் கார்பைடு விளக்கு, அதன் முன்னால் பூதக்கண்ணாடி, நடுவே வர்ணம் தீட்டிய கண்ணாடித் துண்டுகள். இரண்டு துண்டுகளை ஒன்றையொட்டி ஒன்றாக வைத்து மெல்ல நகர்த்துவார். நடிகர்களுக்குப் பின்னால் கட்டிய வெள்ளை வேட்டியில் அலை எழும்பும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நாங்கள், கால் நனைந்துவிடுமோ என்று இழுத்துக்கொள்வோம்.

ஜப்பான்காரன் வந்தான், திருவிழாவும் போச்சு, நாடகமும் போச்சு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். லோரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அப்பாவும்தான்.

அப்போதுதான் ஒரு ஜப்பான் அதிகாரி மாமாவைக் கூப்பிட்டு, கார்பைடும் கொடுத்து, நாடகம் போடச் சொன்னான். ஆள் பிடிப்பதெல்லாம் முடிந்துவிட்டதாம். இனி ஜனங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். மாமா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"மச்சான், இந்தத் தடவ கப்பலே வருதுலா. வந்து பாருங்க," என்று அப்பாவை அவரேதான் அழைத்தார்.

எங்கள் தோட்டத்தில் நாடகம் பார்க்க உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். மானம் மரியாதை! வேட்டியின் நடுவுக்குக் கப்பல் வந்து சேர்ந்தபோது, ஜப்பான் பட்டாளம் அந்தக் கயிற்றோரமாக வரிசையாக நின்றது. ஆளைப் பொறுக்கி எடுக்கும் சிரமம்கூட அவர்களுக்கு இல்லை. நாங்களே பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பக்கத்தை அப்படியே லோரிகளில் ஏற்றினார்கள். திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டையோடு அப்பாவும் ஏறினார்.

மாமாவை மட்டும் விட்டுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கும் கப்பல் போக வேண்டும் அல்லவா?

அன்று அவருக்கு எதுவும் தெரியாது என்று இன்றும் நம்புகிறேன். அடுத்த தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தெரியாதா?

கூலிம் வரைக்கும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒருநாள் மத்தியானம் ஜப்பான்காரன் கொடுத்த அரிசி மூட்டையோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வாய் செத்துப்போயிருந்த எனக்கு அந்த வாசனையே போதுமாயிருந்தது. அம்மா உலை வைக்கவில்லை.

"எத்தன லயத்த காலி பண்ணிட்டு வர்றே?"

"போகலன்னா என்னையும் ஏத்திருவான்க்கா."

"ஏத்தட்டும். அவரு ஏறல?"

அம்மா மூட்டையை இழுத்துப்போய் லயத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். நான் கதறிக்கொண்டே ஓடி இரண்டு கையாலும் அள்ளினேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்த வீட்டில் என்மேல் பிரியம் உள்ளவர் மாமா ஒருவர்தான் என்று தோன்றியது. அப்பா வரட்டும், அம்மா செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று லோரி போன பாதையைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தேன்.