நாலாவது வரி

லிஃப்ட் கம்பெனியின் மென்பொருள் பிரிவில் பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. எந்தக் கோப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு அத்தனையையும் பாதுகாக்கும் களஞ்சியம் அவள் பொறுப்பு. வீட்டில் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுக் கணவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆபீஸில் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்ததில்லை.

புதிய களஞ்சியத்துக்கு மாற வேண்டும் என்று மேலிடம் சொன்னது. பழைய சர்வர் தகராறு செய்ததால், பக்கத்து மேசைக்காரனின் கணினியில் இருந்த முழுப் பிரதியை எடுத்தே ஏற்றினாள். தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர். ஏற்றி முடித்ததும், ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று புதிய களஞ்சியத்தைக் கேட்டாள். எதுவும் இல்லை என்றது. பழைய சர்வரை அன்றே கழற்றி உடைக்க அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் பழைய மாடல் லிஃப்ட்டுகளின் கதவு அளவுகள் இருந்த இருநூற்றுப் பதினான்கு கோப்புகளைக் காணோம். அவை இல்லாமல் புது மென்பொருள் போன பதினோரு கட்டடங்களில், அளவுகளை மறுபடி எடுத்து ஏற்றும்வரை லிஃப்ட் நான்கு நாள் நின்றது. ஒன்றில், மூச்சுத் திணறிய பெரியவரை எட்டாவது மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

விசாரணையில் அக்காவைக் கேட்டார்கள். பிரதியிலேயே கோப்புகள் இல்லை, கடைசியாகத் தொட்டது சோடாபுட்டி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவன் இல்லவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன்மேல் ஏற்கெனவே கடுப்பில் இருந்த மேனேஜர் அன்றே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார். அவன் கணினியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்காவது தோன்றியிருக்க வேண்டும், சண்டாளி.

இரண்டு வாரம் கழித்து, புதிதாகச் சேர்கிறவருக்காக அந்தக் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துத் தரச் சொன்னார்கள். திறந்தாள். பிரதிக்குள்ளேயே, 'டெம்ப்' என்ற தற்காலிக ஃபோல்டரில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகளும் பத்திரமாக இருந்தன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று எதையாவது டெம்பில் போடுவார்கள், அது பத்து வருஷம் அங்கேயே கிடக்கும். குப்பை எதுவும் ஏறிவிடக்கூடாது என்று மாற்றத்தன்று காலை அவளே எழுதிய விலக்குப் பட்டியலைத் திறந்தாள். நாலாவது வரி: டெம்ப். விலக்கச் சொன்னதைப் புதிய களஞ்சியம் விடுபட்டதாகவே கணக்கில் எடுக்காது. அது அவளுக்குத் தெரியாத விஷயமும் அல்ல.

மேனேஜரிடம் ஓடி, தப்பு தன்னுடையதுதான் என்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தன் கவனக்குறைவுதான்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரும்மா. முடிஞ்சதை எதுக்குக் கிளறுறீங்க?"

அவள் வெளியே வந்து, மாடிப்படியில் நின்றபடி சோடாபுட்டிக்கு போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். செய்யாததை ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டாள்.

"நான் அழிக்கலன்னுதான்க்கா நினைச்சேன். ஆனா நீங்களே பார்த்துட்டு இல்லன்னு சொன்னீங்க. அப்ப நான்தானே அழிச்சிருக்கணும்? அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், அவரோட பொண்ணு கால்ல விழுந்துட்டு வந்தேன்."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வீடு எங்க இருக்கு, சொல்லு தம்பி."