அம்மா எடுத்துட்டுப் போயிட்டா

என் மகளிடம், அவளைப் பெற்றவளைத் திருடி என்று சொன்னவன் நான்.

அந்தச் சொல்லைச் சொல்லவில்லை... ஆனால் சொன்னதன் பொருள் அதுதான். சொன்னதைப் பெற்றவளிடம் மறைத்தேன். இன்றுவரை மறைத்துக்கொண்டிருக்கிறேன். யாரென்றே தெரியாத உங்களிடம் சொல்கிறவன், ஒரே வீட்டில் இருக்கிற அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் என்னவோ சின்னதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். குழந்தைகள் வாயில் வைத்துச் சூப்புகிற ரப்பர் நிப்பிளை நிறுத்திய கதை, அவ்வளவே!

என் மனைவி பியூலா ஒரு நர்ஸ். எங்கள் மகள் ஜெனிக்குப் பத்து மாதமானபோது அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. போகலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், பின்னால் நான் அதை மறந்தவன் போலவே நடந்துகொள்வேன்.

கிளம்புவதற்கு முன் அவள் பிள்ளைக்குப் பாலை மறக்கடித்தாள். மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, கசந்து அழுத பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுதாள். பிறகு பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வெளிர்நீல வளையம் வைத்த ஒரு நிப்பிளை வாங்கிவந்து ஜெனியின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு விமானம் ஏறினாள்.

ஜெனி அதற்கு 'இப்பி' என்று பெயர் வைத்தாள். பேச வந்த பிறகு அவள் வாயில் முதலில் உருவான சொற்களில் அதுவும் ஒன்று.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளன். பகலில் ஜெனியை அடுத்த தெருவில் இருக்கிற என் அக்கா பார்த்துக்கொள்வாள். விடுமுறை நாட்களில் நானும் ஜெனியும் மட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் படுப்பேன். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக வெயில் கோடாக வந்து சுவரில் நிற்கும். தெருவில் யாரோ வண்டியில் உப்பு விற்றுக்கொண்டு போவார்கள்... அந்தக் குரல் தேய்ந்து தேய்ந்து எங்கேயோ போய்விடும்... பிறகு அறைக்குள் ஒரே ஒரு சத்தம். ச்சு... ச்சு... ச்சு...

அந்தச் சத்தத்தில் நானும் மிதக்கத் தொடங்குவேன். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாது. பியூலா அடுக்களையில் ஏதோ உருட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். இதோ வந்து கட்டிலின் அந்தப் பக்கம் படுக்கப்போகிறாள் என்று தோன்றும். உண்மையைச் சொன்னால், அந்த ரப்பர் துண்டு என்னையும்தான் தூங்கவைத்தது.

பிள்ளைக்கு இரண்டு வயதாயிற்று. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, அந்தச் சவத்தத் தூர எறியப்படாதா? பல்லு பூரா முன்னால தள்ளிரும்லே. நாளைக்கி எவன் கட்டுவான்?"

அக்காவே அதில் வேப்பெண்ணெயைத் தடவிப் பார்த்தாள். ஜெனி முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், பாவாடையில் துடைத்தாள், மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா தோற்றுப்போனாள். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி.

அப்படியே விட்டிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் தானாக விட்டுவிடுகின்றனவே! நிப்பிளோடு கல்லூரிக்குப் போன பெண்ணை நீங்கள் கண்டதுண்டா?

ஆனால் சீவலப்பேரியில் ஒரு விருந்து வந்தது. பியூலாவின் அண்ணன் வீட்டில், அவர் மகனுக்குப் பிறந்தநாள். வீடு நிறையக் கூட்டம். ஜெனி இப்பியோடு என் தோளில் சாய்ந்திருந்தாள். அண்ணன் மனைவி வந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

"தாய் பக்கத்துல இல்லாத பிள்ள, பாவம்... அந்த ரப்பரயாவது தாயின்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கு."

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பு. போன் கை மாறி மாறி, கடைசியில் எங்களிடம் வந்தது. பியூலா ஜெனியைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் சொன்னாள்.

"இன்னுமா அத வாயில வச்சிருக்கா? பல்லு கெட்டுப்போவும்னு எத்தன தடவ சொல்லுதேன்! ஒரு நிப்பிள நிறுத்தத் தெரியலையா உங்களுக்கு?"

"விடுட்டி. மாப்பிள்ளைக்கே அது இல்லாம ஒறக்கம் வராது போல!" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். தலை வாரத் தெரியாமல் வாரப் பழகியவன் நான். எங்கேயோ இருந்துகொண்டு, ஊர் கேட்க என்னைக் குறை சொல்ல நீ யார்... என்று நினைத்தேன். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று முதலில் சொன்னேனே, அது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்திருந்த சமயம். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர், தண்ணீரில் வானம். கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. எங்கோ ஆறு இருக்கிற திசையிலிருந்து ஈரக்காற்று வந்தது. பஸ் ஓடுகிறதா, வயல்கள்தான் எங்களைக் கடந்து போகின்றனவா... கண் சொருகியது. ஜெனி என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் உதடு தளர்ந்து, இப்பி தானாக நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. எச்சிலின் ஈரத்தோடு வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். நான் விட்டேனா, காற்று வாங்கிக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை...

பொய்! நன்றாகத் தெரியும். விரல்களை விரித்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தினேன். சாயங்காலம் விழித்தாள். கண்ணைத் திறக்காமலேயே தலையணையைத் தடவினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பி?"

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளிடமிருந்து எதை ஒளித்தாலும் பழி காக்கைக்குத்தான். கத்திரிக்கோல், மிட்டாய், அப்பாவின் போன், எதுவானாலும் காக்கா தூக்கிட்டுப் போயிட்டு. பிள்ளை கொஞ்ச நேரம் காக்காயைத் திட்டும், மறந்துவிடும். காக்கைக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அன்றும் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்!

பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"அம்மா எடுத்துட்டுப் போயிட்டா."

ஏன் சொன்னேன்? நிறுத்தச் சொன்னவள் அவள்தானே, அதனால் பாதி உண்மைதானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். அது வாதமே இல்லை. அந்த ஒரு நிமிடம், பிள்ளையின் கண்ணில் அவள் கெட்டவளாகவும் நான் நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விருந்தில் சிரித்தவர்களுக்குப் பதில் சொன்னேன்... இரண்டு வயதுப் பிள்ளையிடம்!

ஒரு வாரம் அழுவாள் என்று நினைத்திருந்தேன். ஜெனி அழவே இல்லை. மேசைமேல் கிடந்த என் போனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா இருப்பது அதற்குள்தானே. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் சட்டை நுனியை வாயில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"எப்பிடிலே ஒரே நாள்ல நிறுத்தின?" என்று அக்கா வாயைப் பிளந்தாள். பியூலாவுக்கும் ஆச்சரியம். என்ன சொல்லி நிறுத்தினீர்கள் என்று போனில் கேட்டாள்.

"காக்கா தூக்கிட்டுப் போயிட்டுன்னு சொன்னேன்" என்றேன்.

பிள்ளையிடம் அம்மாவைச் சொன்னேன். அம்மாவிடம் காக்கையைச் சொன்னேன். இரண்டு பொய்களுக்கும் நடுவில் நான் மட்டும் கெட்டிக்காரன். பியூலா கைதட்டிச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த அழைப்பில்தான் முதல் அடி விழுந்தது. பியூலாவின் முகம் தெரிந்ததும் ஜெனி போனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தா" என்றாள்.

"என்ன கேக்கா? என்னங்க, என்ன கேக்கா பிள்ள?" பியூலாவுக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்தது.

எனக்குத் தெரியும், பிள்ளை என்ன கேட்கிறாள் என்று. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"முத்தம் கேக்கா" என்றேன்.

பியூலா தன் போனில் உதட்டை வைத்து அழுத்தினாள். திரை முழுக்க அவள் உதடு. ஜெனி கையை நீட்டியபடியே காத்திருந்தாள். உதடு விலகியது, கையில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அழுதாள். நான் பயந்திருந்த அழுகை முழுவதையும் அன்றைக்கு அழுதாள். "பாசத்தப் பாரேன்..." என்று அங்கே பியூலாவும் அழுதாள்.

அதன்பின் ஜெனி போன் பக்கம் வருவதில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்றால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். "என்னப் பாத்தா ஏன் இப்பிடி ஓடுதா?" என்று பியூலா கேட்பாள். "சின்னப் பிள்ளதான... பைய சரியாயிரும்" என்பேன்.

சரிசெய்ய முயலவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருநாள் அவளை மடியில் வைத்து, "அம்மா எடுக்கல பாப்பா. அப்பா சும்மா சொன்னேன். காக்காதான் எடுத்துச்சி" என்றேன். ஜெனி என் முகத்தைப் பார்த்து, பெரிய மனுஷி தோரணையில் தலையை ஆட்டினாள். "இல்ல. அம்மா" என்றாள். என்னை அவ்வளவு நம்பியிருந்தாள்!

மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பியூலா லீவில் வந்தாள். வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய பொம்மையை எடுத்துக் கொடுத்தாள். ஜெனி சட்டென்று வாங்கினாள். வாங்கியதும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அன்று முழுவதும் அவளுக்கு அதே வேலை. தன் செருப்பு, தண்ணீர் பாட்டில், கிலுகிலுப்பை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், வந்திருந்த அக்காவின் சேலைக்குள் திணித்தாள்.

மறுநாள் பொம்மையின் முடி கலைந்திருந்தது. சரிசெய்ய பியூலா கையை நீட்டினாள். ஜெனி வீடே அதிர அலறினாள்.

"தொடாத! நீ எடுத்துட்டுப் போயிருவ!"

பியூலாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"நான் என்னத்தட்டி எடுத்தேன்?"

ஜெனியிடம் கேட்டவள், பதிலுக்கு என்னைப் பார்த்தாள். கடவுள் எனக்கென்றே திறந்துவைத்த கதவு அது. நுழைந்திருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்... "காப்பி ஆறுது" என்றேன்!

அன்று மதியம் பிள்ளை தூங்கிய பிறகு பியூலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவரில் அதே வெயில் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிள்ள சொல்லுதது நெசந்தாங்க. பத்து மாசப் பிள்ளட்ட இருந்து பால எடுத்தேன். அப்புறம் என்னையும் எடுத்துட்டுப் போயிட்டேன். அதான அவ சொல்லுதா? ஒங்களையும் தனியா அல்லாட விட்டுட்டேன். என்ன மன்னிச்சிருங்க..."

என் மடியில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"பரவால்ல பியூலா. விடு" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்! என் குற்றத்துக்காக அவளை மன்னித்த புண்ணியவான் நான்! நிப்பிளை எறிந்ததும் காக்கையை விட்டு அம்மாவைச் சொன்னதும் கோபத்தில் நடந்தவை என்று ஒதுக்கிவிடலாம். இந்த மன்னிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? நிதானமாக, தெளிந்த மனதோடு, அவள் கூந்தலைக் கோதிக்கொண்டே கொடுத்தேன்.

பியூலா திரும்பிப் போகவில்லை. அங்கே அவளை வார்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கவிருந்தார்கள். அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டாள். ஊரில் வேறு வேலைக்கும் போகவில்லை. "பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிடும். பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் நான் கைக்குட்டையை எடுத்து நீட்டுவேன்.

ஜெனி இப்போது இரண்டாம் வகுப்பு. எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அம்மாவும் மகளும் ஒட்டிப்பிறந்தவர்கள் போலத்தான் திரிகிறார்கள். முன்பல் இரண்டும் விழுந்து, புதிதாக நேராகவே முளைத்திருக்கின்றன. அப்படியானால் இன்னும் என்ன குறை என்கிறீர்களா?

பியூலாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஜெனியின் எந்தப் பொருளையும் அவள் கேட்காமல் தொடுவதில்லை. சாப்பிட்டு முடித்த தட்டானாலும், துவைக்கப் போட்ட சட்டையானாலும், பக்கத்தில் போய் நின்று, "அம்மா எடுக்கட்டா?" என்பாள். "எடும்மா! எச்சித் தட்டுக்கெல்லாம் எதுக்குக் கேக்க?" என்று ஜெனி சிரிப்பாள். பியூலாவும் சிரிப்பாள். அடுத்த வேளை மறுபடியும் கேட்பாள்.

எத்தனையோ முறை சொல்ல நினைத்திருக்கிறேன். சொன்னால் அவள் மனதிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். என்னைப் பற்றி அவள் வைத்திருக்கிற எண்ணமும் இறங்கிவிடும். அவ்வளவு நல்லவனாக என்னை வேறு யாரும் நினைத்ததில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இவ்வளவு கேவலமானதுதான்!

கொஞ்ச நாளாக அவள் என்னிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். இன்று காலை சாப்பிட்டுவிட்டுக் கை காய உட்கார்ந்திருந்தேன். பியூலா வந்து தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எடுக்கட்டா?" என்றாள்.

"எடு" என்றேன்.